பல்லும் குடலும்

பல் போனால் சொல் போயிற்று என்பது நம் நாட்டுப் பழமொழி. பல்லுக்கும் சொல்லுக்கும் உள்ள உறவை, எழுத்துக்களின் பிறப்பைக் கூறுமிடத்துத் தொல்காப்பியனாரும் மறவாது சுட்டினார். ஆயின் பல்லுக்கும் குடலுக்கும் உள்ள உறவை நம்மில் எத்துணைப் பேர் எண்ணிப் பார்த்திருப்போம்? வாயைப் பல்வைத்தியர்க்கும் வயிற்றைப் பிறிதொரு வைத்தியர்க்கும் பங்கிட்டுக் கொடுத்துவிட்டோம். உடம்பு இப்பங்கீட்டை ஏற்றுக்கொள்ளவில்லை என்பதற்கு, நெடுநாட் குடல்நோயுற்ற குழந்தைகளின் பற்களே சான்று.

சீலியாக் என்னும் நோயை எடுத்துக்கொள்வோம். கோதுமையிலும் பார்லியிலும் ரை என்னும் தானியத்திலும் குளூட்டன் என்றொரு புரதப் பொருள் உண்டு. இந்நோய்க்கு இடந்தரும் இயல்போடு பிறந்த சிலர் அதனை உண்ணுங்கால், உடம்பின் காவற்படையே சிறுகுடலைத் தாக்க, உணவின் சத்தை உறிஞ்சும் நுண்ணிய முளைகள் தேய்ந்துபோகின்றன. இலண்டன் வைத்தியராகிய சாமுவேல் கீ என்பார் 1888-ஆம் ஆண்டில் இந்நோயை விரித்தெழுதினார். எனினும் காரணம் தெளிய அறுபதாண்டு சென்றது. கோதுமையே இக்குழந்தைகட்குப் பகை என ஆலந்து நாட்டு வைத்தியர் டிக்கே என்பார் முன்னரே ஐயுற்றிருந்தார். 1944-45-ஆம் ஆண்டுப் பஞ்சத்தில் அந்நாட்டில் ரொட்டி அரிதாயினமை அவ்வையத்தை வலுப்படுத்திற்று. அவர்தம் ஆராய்ச்சி நூல் 1950-இல் வெளிவந்தது.

இனிப் பல்லுக்கு வருவோம். பல்லின் மேற்போர்வையாகிய எனாமல், உடம்பிலுள்ள எல்லாவற்றினும் கடினமானது. முறிந்த எலும்பு கூடும். கிழிந்த தோல் மூடும். எனாமலோ ஒருமுறை அமைந்தபின் மீள வளர்வதில்லை. அதனை ஆக்கும் உயிரணுக்கள் பல் முளைக்குமுன்னரே மறைந்துவிடுகின்றன. நிலைத்த பற்களுள் முதற் கடைவாய்ப் பல் குழந்தை பிறக்கும் காலத்தையொட்டியும், முன்பற்கள் அதற்குச் சில திங்கள் பின்னரும் ஈற்றின் உள்ளே உருப்பெறத் தொடங்கும். அந்நாளில் குடல் நோயுற்றுச் சுண்ணச் சத்தும் வைட்டமின் டி-யும் உடம்பிற் சேராதொழியின், அக்குறை பல்லிற் பதிந்துவிடும். நோய்த்தாக்குதலே எனாமலைக் கெடுப்பதும் உண்டென்று கருதுவாரும் உளர். மஞ்சளும் பழுப்புமான கறை, வரிப்பள்ளம், குழி ஆகியன இடமும் வலமும் ஒத்துத் தோன்றும். பின்லாந்து நாட்டு ஐனே என்னும் பல்மருத்துவ அறிஞர் இவற்றை 1986-இல் தரம்பிரித்து வகுத்தார். கல்வெட்டினைக் கொண்டு அரசன் ஆண்ட காலத்தைக் கணிப்பதுபோல, எப்பல்லில் எவ்விடத்தில் வடு என்பதனைக் கொண்டு குழந்தை எவ்வயதில் நலிந்தது என்று கணிக்கலாம்.

‘பாற்பல் தானே, விழுந்து முளைக்கும்’ என்று ஆறுதல் கூறும் பெரியோரை நாம் மறுக்கவேண்டியது இங்கேதான். பாற்பல் வாயிற் சிரிக்கும் அதே ஆண்டுகளில் அன்றோ நிலைத்த பல் உள்ளே உருவாகின்றது! நோயை மூன்று வயதிற் கண்டு குளூட்டனை விலக்கினால், பின்னர் உருவாகும் பற்பகுதி நன்றாக அமையலாம்; பத்து வயதிற் கண்டால், குடல் தேறும், பல் தேறாது. இந்நோயுற்ற பலர்க்கு வயிற்றுப்போக்கும் இல்லை. பிள்ளை குள்ளமாய், வெளிறி, அடிக்கடி வாய்ப்புண்ணோடு இருக்கும், அவ்வளவே. அத்தகைய பிள்ளையின் வாயை முதலிற் காண்பவர் பல்வைத்தியராக இருத்தல் கூடும். கறையைப் பூசி மறைத்து அனுப்பிவிடாமல், குருதிச் சோதனைக்கு அவர் விடுத்தல் வேண்டும் என்பது நம் கருத்து.

பற்கறை கண்டவிடமெல்லாம் சீலியாக் என்று கூறுதல் நம் நோக்கமன்று. தருமபுரி, கிருட்டிணகிரிப் பக்கங்களில் நிலத்தடி நீரிலுள்ள மிகுந்த புளோரைடும் பற்களை இருபுறமும் ஒப்பக் கறைப்படுத்தும். இந்நோயோ கோதுமையுண்ணும் வடநாட்டில் மிகுதி, தென்னாட்டிற் குறைவு. ஆயின் குறைவு என்பது இல்லை என்பதாகாது. பரோட்டாவும் பிஸ்கோத்தும் புகாத ஊர் இன்று எது? மற்றொன்று: சோதனைக்கு முன்னரே பிறர் சொற்கேட்டுக் கோதுமையை நிறுத்திவிடலாகாது. நிறுத்தினால் சோதனையில் நோய் புலப்படாமற் போகலாம்.

1932-ஆம் ஆண்டில் நியூயார்க் நகரத்துக் குரோன் என்பாரும் அவர்தம் தோழர் இருவரும் விளக்கிய நோயிலோ, துன்பம் வேறுவகைத்து. அது வாய் முதல் எருவாய் வரை எங்கும் பற்றும். குழந்தைகட்குச் சிலபோது வயிற்றுவலிக்கு முன்னரே உதடு வீங்கி வாயில் புண் தோன்றும். புண்பட்ட வாயிற் பிரஷ்ஷை வைத்துத் தேய்க்க எந்தக் குழந்தை இசையும்? இந்நிலையில் இனிப்புச் சேர்ந்த மருந்துப் பாகும், வாரக்கணக்கில் நீராகாரமும், இவற்றுக்குமேல் உற்றார் இரக்கத்தால் ஊட்டும் மிட்டாயும் சேர்கின்றன. அவ்விரக்கத்தை நாம் குறைகூறோம், மிட்டாயைக் குறைகூறுகின்றோம். மென்மையான பிரஷ்ஷும், பாகு குடித்தபின் வாய் கொப்புளித்தலும் பெருஞ்செலவுக்குரியன அல்ல. வாந்தியெடுத்த குழந்தைக்கு உடனே பல்துலக்காமல் நீரால் கொப்புளிக்கச் செய்து, சிறிது நேரங் கழித்துத் துலக்கல் நன்று. வயிற்றுப் புளிப்பால் இளகிய எனாமல் உடனே தேய்த்தால் தேயும்.

இத்தகைய எளிய செய்திகளைப் பெற்றோர்க்கு யார் சொல்வது? பல்லைப் பற்றிப் பேசுதல் தம் கடனன்று என்று குடல்வைத்தியரும், குடலைப் பற்றிக் கேட்டல் தம் கடனன்று என்று பல்வைத்தியரும் இருந்துவிடுகின்றனர். குடல்நோய்க் குழந்தைக்கு எழுதும் முதல் மருந்துச் சீட்டிலேயே ‘பல்வைத்தியரைக் காண்க’ என்று ஒரு வரி சேர்த்தெழுத எவ்வளவு மை செலவாகும்?