மாற்றிப் பார்ப்பது சோதனை ஆகாது

மாணவர்களே, உங்கள் தாத்தா வீட்டில் கார்பரேட்டர் வைத்த பழைய கார் ஏதாவது இன்னும் நிற்கிறதா? 1985 ஜூலையில் வெளிவந்த முதல் புரோட்டோன் சாகா அந்த வகைதான். அடுத்த மாதமே பினாங்குப் பாலத்தின் திறப்பு விழாவில், அப்போதைய பிரதமர் டாக்டர் மகாதீர் ஒரு சாகாவை ஓட்டிக்கொண்டுதான் பாலத்தைக் கடந்தார். அந்தக் காலத்துக் கார்கள் பழுதானால் எந்தத் திரையிலும் எழுத்து வராது. என்ன கோளாறு என்று நாம்தான் யோசித்துக் கண்டுபிடிக்க வேண்டும். அப்படி ஒரு கார் எனக்கு நடத்திய பாடத்தை இந்த வாரம் உங்களுக்குச் சொல்கிறேன்.

என் அப்பாவின் காரும் கார்பரேட்டர் கார்தான். ஜார்ஜ் டவுன் தெருக்களில் அது ஒழுங்காக ஓடும். சிக்னலில் நின்றாலும் இஞ்சின் சீராக இயங்கும். பாலிக் புலாவில் இருக்கும் அத்தையைப் பார்க்கத் துன் சார்டோன் சாலையில் மலை ஏறும்போதுதான் தொல்லை. இரண்டு மூன்று நிமிடங்களில் இழுவை குறையும். இஞ்சின் திக்கித் திணறி அணைந்துவிடும். பத்து நிமிடம் ஓரமாக நிறுத்தி வைத்தால் மறுபடியும் ஸ்டார்ட் ஆகும். கொஞ்ச தூரம் போய் மீண்டும் நிற்கும்.

அப்பா என்னிடம் கேட்டார். நான் அறிவியல் ஆசிரியர் ஆயிற்றே! “கார்பரேட்டர்தான் போயிருக்கும்பா” என்று சட்டென்று சொல்லிவிட்டேன். புதுப்பித்த கார்பரேட்டர் ஒன்றை 350 ரிங்கிட்டுக்கு வாங்கிப் பொருத்தினோம். கையோடு பெட்ரோல் வடிகட்டியையும் மாற்றினேன். வீட்டைச் சுற்றி இரண்டு முறை ஓட்டிப் பார்த்தேன். நன்றாகவே ஓடியது. “சரியாயிடுச்சுப்பா” என்றேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மாலை அப்பாவும் அம்மாவும் மலை ஏறினார்கள். ஒரு வளைவில் கார் நின்றது. பின்னால் வந்த லாரி கடைசி நொடியில் பிரேக் பிடித்ததால் இருவரும் தப்பினார்கள். அப்பா என்னைத் திட்டவில்லை. “நீ வாத்தியாரு, தெரிஞ்சுதான் சொல்லுவேன்னு நெனைச்சேன்” என்று மட்டும் சொன்னார். திட்டியிருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது.

நான் செய்த தவறு என்ன? தவறான ஊகம் சொன்னதா? இல்லை. ஊகம் யாருக்கும் தவறலாம். என் ஊகத்தை நான் சோதிக்கவே இல்லை. பொருளை மாற்றினேன், அவ்வளவுதான். மலையில் நிற்கும் காரைச் சமதரையில் ஓட்டிப் பார்த்துவிட்டு, சரியாகிவிட்டது என்று முடிவும் சொன்னேன்.

மேட்டில் ஏன் நிற்கிறது என்று முதலில் கணக்குப் போட்டிருக்க வேண்டும். பள்ளியில் படிக்கும் இயற்பியல் போதும். காரும் ஆட்களும் சேர்ந்து 1000 கிலோகிராம் என்று கொள்வோம். 10 மீட்டர் ஓடினால் 1 மீட்டர் உயரும் மேட்டில், நொடிக்கு 10 மீட்டர் வேகத்தில், அதாவது மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில் கார் ஏறுகிறது. அப்படியானால் ஒவ்வொரு நொடியும் 1000 கிலோகிராம் எடையை 1 மீட்டர் உயரத்துக்குத் தூக்குகிறது. புவியீர்ப்பு முடுக்கத்தை 10 என்று வைத்தால், அதற்கு மட்டும் 10 கிலோவாட் திறன் வேண்டும். பெட்ரோலில் உள்ள ஆற்றலில் ஏறத்தாழக் கால் பங்குதான் சக்கரத்துக்கு வந்து சேர்கிறது. ஆகவே எரிபொருளிலிருந்து நொடிக்கு 40 கிலோஜூல் தேவை. ஒரு லிட்டர் பெட்ரோலில் சுமார் 32 மெகாஜூல் ஆற்றல் இருக்கிறது. கணக்குப் போட்டால் மணிக்கு 4.5 லிட்டர் வருகிறது. காற்றின் தடையையும் டயரின் உராய்வையும் சேர்த்தால் இன்னும் கூடும். சும்மா நின்றபடி இயங்கும் சிறிய இஞ்சினுக்கோ மணிக்கு ஒரு லிட்டர்கூடத் தேவைப்படாது.

இப்போது பாருங்கள். பெட்ரோல் வரும் வழி பாதி அடைத்திருந்தாலும் சிக்னலில் நிற்கும் காருக்கு அது போதும். மலை ஏறும் காருக்குப் போதாது. கார்பரேட்டருக்குள் ஒரு சிறிய கிண்ணம் உண்டு. கழிவறைத் தண்ணீர்த் தொட்டியைப் போல, மிதவை ஒன்று அதில் பெட்ரோல் மட்டத்தைக் காக்கிறது. கார்பரேட்டரின் குறுகிய கழுத்தில் காற்று வேகமாக ஓடும்போது அங்கே அழுத்தம் குறைகிறது. கிண்ணத்துப் பெட்ரோல் மேலே உறிஞ்சப்பட்டுக் காற்றோடு கலக்கிறது. படிவம் 5-இல் படிக்கும் பெர்னூலி தத்துவம் இதுதான். மேட்டில் கிண்ணம் நிரம்புவதைவிட வேகமாகக் காலியானால், இரண்டு மூன்று நிமிடத்தில் இஞ்சின் பட்டினி கிடந்து அணையும்.

ஆனால் இதுவும் ஒரு கருதுகோள்தான். தீப்பொறி பலவீனமாக இருந்தாலும் கார் மேட்டில் நிற்கலாம். ஆக்சிலரேட்டரை அழுத்தும்போது சிலிண்டருக்குள் கலவை கூடுகிறது, அழுத்தம் ஏறுகிறது. அந்த அழுத்தத்தில் பிளக்கின் இடைவெளியைத் தாண்டத் தீப்பொறிக்கு அதிக மின்னழுத்தம் வேண்டும். சூடேறிய பழைய காயில் அதைத் தர முடியாமல் போகலாம். இரண்டு காரணங்கள், ஒரே விளைவு. எது உண்மை என்று எப்படிப் பிரித்தறிவது?

அதை எனக்குக் காட்டியவர் ஜெலுத்தோங்கில் வசிக்கும், ஓய்வு பெற்ற மெக்கானிக் ஒருவர். காரைத் தொடுவதற்கு முன் அவர் கேள்விகள் கேட்டார். “சுவிட்சை அணைச்ச மாதிரி பட்டுன்னு நிக்குதா, திணறித் திணறி நிக்குதா?” திணறித்தான் என்றேன். “அப்ப தீப்பொறியைவிட எண்ணெய் மேலதான் எனக்குச் சந்தேகம். ஆனா பார்த்துட்டுத்தான் சொல்லுவேன், தம்பி” என்றார்.

மறுநாள் காலை, வண்டி அதிகம் இல்லாத நேரத்தில், மலைச் சாலைக்குப் போனோம். கார் திணறத் தொடங்கியதும் அகலமான ஓரத்தில் ஒதுக்கினோம். இஞ்சின் அணைந்தது. உடனே காற்று வடிகட்டியின் மூடியைத் திறந்து, கார்பரேட்டரின் கழுத்துக்குள் பார்த்தபடி ஆக்சிலரேட்டர் நெம்பியைக் கையால் அசைத்தார். கிண்ணத்தில் பெட்ரோல் இருந்தால் உள்ளே மெல்லிய தாரையாகப் பீச்ச வேண்டும். ஒரு சொட்டுகூட வரவில்லை. கிண்ணம் காலி. செலவே இல்லாத அந்த ஒரு சோதனையில் நான் வாங்கிய 350 ரிங்கிட் கார்பரேட்டர் குற்றவாளிப் பட்டியலின் கடைசிக்குப் போய்விட்டது. தடை அதற்கு முன்னால் எங்கோ இருக்கிறது.

அடுத்து பெட்ரோல் தொட்டியின் மூடியைத் திறந்தார். தொட்டிக்குள் காற்று நுழையும் துளை அடைத்திருந்தால், மூடியைத் திறந்ததும் ‘உஸ்’ என்று காற்று உள்ளே போகும். சத்தம் ஏதும் இல்லை. அந்தச் சந்தேகமும் நீங்கியது.

வீட்டுக்கு வந்து, தீப்பொறி வராதபடி காயிலின் கம்பியைக் கழற்றிவிட்டு, பம்புக்கு வரும் குழாயைச் சுத்தமான பெட்ரோல் உள்ள ஒரு தகரக் கலனில் விட்டார். வெளியேறும் குழாயை ஒரு புட்டியில் வைத்தார். ஸ்டார்ட்டரைச் சுற்றியதும் பெட்ரோல் விட்டு விட்டு, ஆனால் வலுவாகக் கொட்டியது. பம்ப் நலம். பிறகு மற்ற எதையும் மாற்றாமல், தொட்டியிலிருந்து வரும் குழாயைப் பழையபடி பம்பில் இணைத்தார். முதலில் நன்றாக வந்தது. போகப் போக மெலிந்தது. பிறகு நின்றேவிட்டது.

தொட்டிக்குள் பெட்ரோலை உறிஞ்சும் குழாயின் நுனியில் ஒரு சிறு சல்லடை இருக்கிறது. கழற்றிப் பார்த்தால் துருவும் சேறுமாக அப்பியிருந்தது. உறிஞ்சும்போது தொட்டியின் அடியில் கிடக்கும் துரு வந்து சல்லடையில் ஒட்டிக்கொள்கிறது. இஞ்சின் நின்றதும் உறிஞ்சல் நிற்கிறது, துருவில் ஒரு பகுதி உதிர்கிறது. பத்து நிமிடம் கழித்துக் கார் மறுபடி ஓடியதன் ரகசியம் அதுதான். அந்தத் தகவலை அப்பா முதல் நாளே என்னிடம் சொன்னார். நான்தான் காதில் வாங்கவில்லை. “வடிகட்டி புதுசு, அதனால் பெட்ரோல் வரத்து சரி” என்று நானே நினைத்துக்கொண்டேன்.

தொட்டியைக் கழுவிச் சல்லடையைச் சுத்தம் செய்ய 60 ரிங்கிட் ஆனது. இந்த முறை அப்பாவிடம் எதையும் சொல்வதற்கு முன், அதே மலையில், அதே வேகத்தில் நானே மூன்று முறை ஏறி இறங்கினேன். கார் நிற்கவில்லை.

மாணவர்களே, தமிழ்ப்பள்ளியில் உற்றறிதல், ஊகித்தல், முன் அனுமானித்தல் என்று படித்தீர்கள். தற்சார்பு மாறி, சார்பு மாறி, கட்டுப்படுத்தப்பட்ட மாறி என்று மனனம் செய்து மதிப்பெண்ணும் வாங்கினீர்கள். அந்தப் பெரியவர் இந்தச் சொற்களில் ஒன்றைக்கூடச் சொல்லவில்லை. ஆனால் எல்லாவற்றையும் செய்தார். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றினார். ஒவ்வொரு சோதனையும் பாதையை இரண்டாக வெட்டி, ஒரு பக்கத்தைச் சந்தேகத்திலிருந்து விடுவித்தது. நானோ கார்பரேட்டரையும் வடிகட்டியையும் ஒன்றாக மாற்றினேன். கார் தற்செயலாகச் சரியாகியிருந்தாலும், எதனால் சரியானது என்று எனக்குத் தெரிந்திருக்காது.

இதில் நம் வகுப்பறைக்கும் பங்கு உண்டு என்பது என் கருத்து. ஆய்வுக்கூடத்தில் முடிவு தெரிந்த சோதனைகளையே நாம் அதிகம் செய்கிறோம். விடை வராவிட்டால் பக்கத்து மேசையைப் பார்த்து எழுதுகிறோம். ஆசிரியர்களான நாங்களும் அதைக் கண்டும் காணாமல் விடுகிறோம். ஆண்டுக்கு ஒரு முறையாவது, விடை ஆசிரியருக்கே தெரியாத ஒரு பழுதை, எரியாத விளக்கையோ சுற்றாத மின்விசிறி மோட்டாரையோ, மாணவர்கள் முன் வைக்க வேண்டும். மின் இணைப்பு இல்லாமல், ஆசிரியர் பக்கத்தில் இருக்க, அவர்கள் அதை ஆராயட்டும்.

“இப்போதைய கார்களில் கணினியே பழுதைச் சொல்லிவிடுமே, சார்?” என்று கேட்பீர்கள். கணினி சொல்வதும் ஓர் உற்றறிதல்தான். ‘கலவையில் பெட்ரோல் குறைவு’ என்று அது சொல்லும். சல்லடை அடைத்ததாலா, பம்ப் தளர்ந்ததாலா, எங்கோ காற்று கசிவதாலா என்பதை மனிதர்தான் சோதித்தறிய வேண்டும். குறியீட்டைப் பார்த்தவுடன் பொருளை மாற்றுகிறவர், அன்றைய என்னைப் போன்றவர்.

ஓர் எச்சரிக்கை. பெட்ரோலின் ஆவி ஒரு சிறு பொறியில் பற்றிக்கொள்ளும். மேலே சொன்ன சோதனைகளை நீங்களாகச் செய்யாதீர்கள். அனுபவமுள்ளவர் செய்யும்போது பக்கத்தில் நின்று கேள்வி கேளுங்கள்.

அடுத்த முறை யாராவது உங்களிடம் ஒரு பழுதைக் காட்டிக் காரணம் கேட்டால், “தெரியவில்லை, சோதித்துப் பார்த்துச் சொல்கிறேன்” என்று சொல்லுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. நான் அன்று அப்பாவிடம் சொல்லியிருக்க வேண்டியதும் அதுதான்.