மலர்வளையத்திற்குப் பிறகு

தாம்பரத்தில் வாழ்ந்து, அங்குள்ள சென்னை கிறிஸ்தவக் கல்லூரியில் பயின்ற மேஜர் முகுந்த் வரதராஜன் 2014 ஏப்ரல் 25 அன்று காஷ்மீரின் சோபியானில் உயிர்நீத்தார். 2015இல் அசோக சக்ரா விருதை அவர்தம் துணைவியார் பெற்றுக்கொண்டார். 2024இல் 'அமரன்' திரைப்படமும் வந்தது. அதே மோதலில் இறந்த சிப்பாய் விக்ரம் சிங்கின் பெயரை, அன்புக்குரியவர்களே, நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

வீரர் நினைவாக அறக்கட்டளை தொடங்க விரும்புவோர் இங்கிருந்தே சிந்திக்க வேண்டும். கர்னல் வசந்த் வேணுகோபால் 2007இல் ஊரியில் வீரமரணமடைந்த பின், துணைவியார் சுபாஷினி பெங்களூருவில் வசந்தரத்னா அறக்கட்டளையைத் தொடங்கினார். அது பிற வீரர்களின் மனைவியருக்கும் பிள்ளைகளின் படிப்புக்கும் துணைநின்றது. சிலை திறப்பது ஒருநாள் வேலை. பள்ளிக் கட்டணமோ ஆண்டுதோறும் வரும். அதைச் சுமக்க ஆளில்லையெனில், டிசம்பர் 7 கொடிநாள் நிதிக்கே கொடுத்துவிடலாம் என்பது நம் கருத்து.