கருவியை மட்டும் நம்பலாமா?

நீரிழிவு, வசதி படைத்தவர்களின் வியாதி என்ற எண்ணம் எப்போதோ பொய்த்துவிட்டது. நம் நாட்டில் சுமார் 10 கோடிப் பேருக்கு இந்நோய் இருப்பதாக 2023-ல் வெளியான தேசிய ஆய்வு ஒன்று தெரிவித்தது. பீன்யாவில் இரவு ஷிப்ட் பார்க்கும் தொழிலாளியும், அவசரமாக இரண்டு இட்லியை விழுங்கிவிட்டு மெஜஸ்டிக்கில் பஸ் மாறும் குமாஸ்தாவும் இதில் அடக்கம்.

இவர்களில் சிலர் இப்போது மேல்கையின் பின்புறம் நாணயம் போன்ற சிறு வில்லை ஒன்றை ஒட்டிக்கொண்டிருக்கிறார்கள். சர்க்கரை அளவை இரவு பகலாகச் செல்போனில் காட்டும் சென்சார் அது. பரவலாக விற்பனையாகும் வகை 14 நாட்கள் வேலை செய்யும். இன்சுலின் போட்டுக்கொள்பவர்களுக்கு இது பெரிய உதவி என்பதில் ஐயமில்லை. ஆனால் இதை வாங்கியதும் பழைய குளுக்கோமீட்டரைத் தூக்கிப் போட்டுவிடுகிறார்களே, அதுதான் நமக்குக் கவலை தருகிறது.

இக்கருவி ரத்தத்தை அளப்பதில்லை. தோலுக்கடியில் உள்ள திசுத் திரவத்தின் சர்க்கரையையே அளக்கிறது. ரத்தத்தில் ஏற்படும் மாற்றம் அங்கே தெரிய 5 முதல் 15 நிமிடங்கள் வரை ஆகலாம். மூட்டை தூக்கிய பிறகோ, இன்சுலின் போட்டுவிட்டுச் சாப்பாடு தாமதமானாலோ சர்க்கரை மளமளவென்று இறங்கும். ரத்தத்தில் 70-க்குக் கீழே போய்விட்ட நிலையிலும் செல்போன் 90 என்று காட்டக்கூடும். கை நடுங்கி, வியர்த்து, கண் இருட்டும்போது எண்ணைப் பார்த்துத் தைரியமாக இருப்பது ஆபத்து. உடனே விரலில் குத்திப் பார்க்க வேண்டும். மீட்டர் கையில் இல்லாவிட்டால் காத்திராமல் மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்க வேண்டும். 15 நிமிடம் கழித்து மறுபடியும் விரலில்தான் பார்க்க வேண்டும். அதற்குள் சென்சாரின் எண் ஏறவில்லையே என்று இனிப்பை அள்ளி விழுங்குவது சரியல்ல. பார்க்குமுன் கையைக் கழுவிக்கொள்வதும் முக்கியம். விரலில் ஒட்டிய சர்க்கரையையும் மீட்டர் சேர்த்தே காட்டிவிடும்!

சென்சார் உள்ள கையின்மேல் அழுத்திப் படுத்தால் பொய்யாகக் குறைத்துக் காட்டும். சில வகைகளில், அதிக அளவு வைட்டமின் சி மாத்திரை சாப்பிடுபவர்களுக்குக் கூட்டிக் காட்டும். அதை நம்பி இன்சுலினைக் கூட்டினால் விபரீதம். 2025 நவம்பரில் அமெரிக்காவில், ஒரு வகை சென்சாரில் சில, உண்மையைவிடக் குறைத்துக் காட்டுவதாகத் தயாரித்த நிறுவனமே எச்சரிக்க நேர்ந்தது. தோலில் குத்தாமலே சர்க்கரையைக் காட்டுவதாக விற்கப்படும் மோதிரங்களையும் கடிகாரங்களையும் நம்ப வேண்டாம் என்று அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2024-ல் கூறியிருக்கிறது.

மாதம் இரண்டு சென்சார் வாங்குவது சாதாரணச் சம்பளக்காரருக்குக் கட்டுப்படியாகாத செலவு. மாத்திரை மட்டும் சாப்பிடுபவர்கள் டாக்டரைக் கேட்காமல் இதில் இறங்க வேண்டியதில்லை. இவ்வளவு விலைக்கு விற்பவர்கள், பெட்டியைக் கொடுத்துப் பணத்தை எண்ணிக்கொள்வதோடு நின்றால் போதாது. எப்போது விரலில் குத்திப் பார்க்க வேண்டும் என்பதைத் தமிழிலும் கன்னடத்திலும் பெரிய எழுத்தில் அச்சிட்டு ஒவ்வொரு பெட்டியிலும் வைக்க வேண்டும்.