வயிற்றுவலி மாத்திரையும் வெயில் வேலையும்

வயிறு இழுத்துப் பிடித்தால் நாம் என்ன செய்கிறோம்? பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுகிறோம். "அக்கா, போன மாசம் உங்களுக்குக் கொடுத்தாங்களே, அந்த மாத்திரையில ஒண்ணு இருக்கா?" என்று கேட்டு வாங்கி விழுங்குகிறோம். விடிந்ததும் வேலைக்காட்டுக்குப் போய்விடுகிறோம்.

அக்கா அன்போடுதான் கொடுக்கிறார். ஆனால் அதற்குள் என்ன இருக்கிறது என்று நாம் தெரிந்துகொள்ள வேண்டாமா?

லிப்ராக்ஸ் என்னும் மருந்தையே எடுத்துக்கொள்வோம். அதில் இரண்டு மருந்துகள் சேர்ந்திருக்கின்றன. மனப்பதற்றத்தைத் தணிக்கும் குளோர்டயஸிபாக்சைடு 5 மில்லிகிராம். குடல் இறுக்கத்தைத் தளர்த்தும் கிளிடினியம் 2.5 மில்லிகிராம். முதல் மருந்து தூக்கத்தையும் தலைசுற்றலையும் தரலாம். அடுத்தது வாயை உலர்த்தும், பார்வையை மங்க வைக்கும், மலச்சிக்கலைக் கொடுக்கும், சிறுநீரைத் தடுக்கும். வேர்வையையும் குறைக்கும்.

இந்தக் கடைசிச் சங்கதிதான் நமக்கு முக்கியம். குளுகுளு அறையில் இருப்பவருக்கு வேர்க்காவிட்டால் நட்டமில்லை. செம்பனைக் குலை அறுப்பவருக்கோ வேர்வைதான் உடம்பைக் குளிர வைக்கிறது. அது குறைந்தால் உடம்பு கொதித்து மயங்கி விழ நேரும். அப்படி விழுந்தவரை உடனே நிழலுக்குக் கொண்டுபோய், உடம்பை நனைத்து விசிறி, ஆஸ்பத்திரிக்குத் தூக்க வேண்டும். தூக்கக் கலக்கத்தோடு அரிவாளைப் பிடிப்பதும் மோட்டார் சைக்கிள் ஓட்டுவதும் எப்படி முடியும் என்று சொல்லவா வேண்டும்?

இதோடு கள்ளோ சம்சுவோ சேர்ந்தால் மூச்சே அடங்கிப் போகலாம். வயதானவர்கள் தடுமாறி விழுவார்கள். கண் அழுத்த நோய், புரோஸ்டேட் வீக்கம் உள்ளவர்கள் டாக்டரிடம் அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

வாரக்கணக்கில் சாப்பிட்டவர்கள் திடீரென்று நிறுத்தவும் கூடாது. உடம்பு அதற்குப் பழகிவிடும். சட்டென்று விட்டால் நடுக்கமும் வலிப்பும்கூட வரலாம். இந்தக் குளோர்டயஸிபாக்சைடு வகை மருந்துகள் மனிதனை அடிமையாக்கக்கூடும் என்று கடும் எச்சரிக்கை அச்சிட வேண்டுமென 2020-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை உத்தரவிட்டது. டாக்டரைக் கேட்டுப் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

மருந்தே கெட்டது என்று நாம் சொல்லவில்லை. ஆளுக்கும் வேலைக்கும் பொருந்த வேண்டும் என்கிறோம். "டாக்டர், நான் வெயில்ல வேலை செய்யிற ஆளு, இது ஒத்துக்குமா?" என்று கேட்க நமக்கு ஏன் கூச்சம்? கேட்காமலே சொல்வது மருந்து கொடுப்பவரின் கடமை. சொல்லாவிட்டால் கேட்பது நம் உரிமை. மருந்துப் பொட்டலத்தின் மேல் மருந்தின் பெயரையும் எழுதித் தரச் சொல்லுங்கள்.

பக்கத்து வீட்டுக்குச் சோறு கொடுப்போம், குழம்பு கொடுப்போம். மாத்திரை மட்டும் வேண்டாம்!