புஷ் ராடு ஏன் வளைந்தது?

அப்பா போன பிறகு எங்கள் வீட்டு அம்பாசிடர் எட்டு மாதம் ஷெட்டிலேயே நின்றது. தங்கை வளைகாப்புக்கு அவளை அந்தக் காரில்தான் அழைத்துவர வேண்டும் என்று அம்மா சொன்னபோதுதான், புது பேட்டரி போட்டு செல்ஃப் அடித்தேன். ஸ்டார்ட் ஆகிவிட்டது. தெருமுனை தாண்டுவதற்குள் ‘டக் டக்’ என்று சத்தம், வண்டி முழுக்க உதறல். கார்புரேட்டரிலிருந்து ‘புஸ் புஸ்’ என்று தும்மல் வேறு.

பக்கத்து ஒர்க்‌ஷாப்பில் டேப்பெட் கவரைத் திறந்து, வளைந்துபோன புஷ் ராடு ஒன்றை எடுத்துக் காட்டினார்கள். புதிது போட்டார்கள். மறுநாள் அதுவும் வளைந்தது. “இன்ஜினை இறக்கணும் சார்” என்று ஐந்து இலக்கத்தில் ஒரு தொகை சொன்னார்கள். “பேசாம எடைக்குப் போட்டுடலாம்” என்றான் தம்பி. அம்மா ஒன்றும் சொல்லவில்லை.

அப்பாவின் பழைய மெக்கானிக்குக்கு போன் போட்டேன். தொழிலை விட்டு வருஷக்கணக்காகிவிட்டது. ஆனாலும் வந்தார். “ராடு வளைஞ்சது நோய் இல்ல தம்பி, அறிகுறி. ஏன் வளைஞ்சுதுன்னு யாராச்சும் பார்த்தாங்களா?” என்றார்.

புஷ் ராடு என்ன வேலை செய்கிறது?

பழைய அம்பாசிடரின் 1489 சிசி பெட்ரோல் இன்ஜினில் கேம் ஷாஃப்ட் கீழே பிளாக்கில் இருக்கும். வால்வுகள் மேலே ஹெட்டில். கேம் தள்ளுவதை மேலே இருக்கும் ராக்கருக்குக் கொண்டுபோகும் மெல்லிய கம்பிதான் புஷ் ராடு. நாலு சிலிண்டருக்கு எட்டு ராடு. வால்வு அசைய மறுத்தாலும் கேம் தள்ளுவதை நிறுத்தாது. நடுவில் மாட்டிய கம்பி வளையத்தான் செய்யும்.

எப்படிக் கண்டுபிடித்தார்?

முதலில் இன்ஜினை ஓடவிட்டு, இன்சுலேஷன் உள்ள பிளேயரால் பிளக் ஒயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டினார். கழற்றும்போது இன்ஜின் தடுமாறினால் அந்த சிலிண்டர் வேலை செய்கிறது. மூன்றாவதைக் கழற்றியபோது எந்த மாற்றமும் இல்லை. “தும்மல் கார்புரேட்டர் வழியா வருதே... எக்ஸாஸ்ட் வால்வு திறக்கல. எரிஞ்ச புகை வெளிய போக வழியில்லாம, வந்த வழியே திரும்புது” என்றார்.

அடுத்து பிளக்குகளைக் கழற்றிவிட்டு, ஹேண்டில் போட்டு மெதுவாகச் சுற்றச் சொன்னார். ஏழு ராக்கர் ஏறி இறங்கின. ஐந்தாவது மட்டும் லொடலொடவென்று நின்றது. அதன் ஸ்க்ரூவைத் தளர்த்தி, ராக்கரைப் பக்கவாட்டில் நகர்த்தி, ராடைத் திருகியபடி உருவினார். நேராக இழுத்தால் ஆயில் பிடிப்பில் அடியில் இருக்கும் டேப்பெட்டும் கூடவே வந்துவிடுமாம். ராடைக் கண்ணாடி மேல் உருட்டினார். துள்ளித் துள்ளி ஓடியது.

பிறகு மரச் சுத்தியலால் வால்வு ஸ்பிரிங்குகளின் தலையில் லேசாகத் தட்டினார். மற்ற வால்வுகள் இறங்கி, சட்டென்று ஏறின. ஐந்தாவது அசையவே இல்லை. எட்டு மாதம் நின்றதில் துருவும் கரியும் சேர்ந்து, வால்வு தண்டு கைடிலேயே பிடித்துக்கொண்டிருந்தது.

சரிசெய்த விதம்

ஹெட்டைத் தூக்கியே ஆக வேண்டும். இந்த இன்ஜினில் ராக்கர் ஷாஃப்ட்டைப் பிடிக்கும் நட்டுகளில் நான்கு, ஹெட்டையும் சேர்த்துப் பிடிப்பவை. அதனால் ரேடியேட்டர் தண்ணீரை வடித்துவிட்டு, எல்லா ஹெட் நட்டுகளையும் வரிசைப்படி கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தினார். ஒரு அட்டையில் எட்டு ஓட்டை போட்டு, நம்பர் எழுதி, ராடுகளைச் செருகி வைத்தார். எது எங்கே இருந்ததோ அது அங்கேயே திரும்பப் போக வேண்டும்.

வால்வையும் கைடையும் சுத்தம் செய்து, தடையில்லாமல் ஓடுகிறதா என்று பார்த்த பிறகே புது கேஸ்கெட் வைத்தார். வளைந்ததைத் தட்டி நிமிர்த்தவில்லை. நிமிர்த்திய ராடு மறுபடி அதே இடத்தில் வளையும். ஐந்தாவதுக்குப் புதிது. மற்ற ஏழையும் கண்ணாடியில் உருட்டிப் பார்த்துவிட்டுப் போட்டார்.

டேப்பெட் கேப் வைக்க ‘ஒன்பது கணக்கு’. எட்டாவது வால்வு முழுசாகத் திறந்திருக்கும்போது முதலாவதைச் சரிசெய்ய வேண்டும். நாலாவது திறந்திருந்தால் ஐந்தாவது. கூட்டினால் எப்போதும் ஒன்பது. ஒர்க்‌ஷாப் கேட்டதில் பத்தில் ஒரு பங்குகூடச் செலவாகவில்லை.

நீங்கள் செய்ய வேண்டியது

இன்று வரும் கார்களில் பெரும்பாலும் கேம் ஷாஃப்ட் ஹெட்டிலேயே இருப்பதால் புஷ் ராடு கிடையாது. ஆனால் எந்த வண்டியானாலும், உடைந்த பாகத்தைக் கையில் வாங்கிப் பாருங்கள். “இது ஏன் போச்சு?” என்று கேளுங்கள். பதில் கிடைக்காமல் புதிது போடாதீர்கள்.

பழைய கார் வைத்திருப்பவர்கள், வாரம் ஒருமுறை இன்ஜின் நன்றாகச் சூடாகும்வரை ஓட்டுங்கள். மாதக்கணக்கில் நின்ற வண்டியென்றால், வால்வு தண்டுகளில் ஆயில் விட்டு, கையால் சுற்றிப் பார்த்துவிட்டு அப்புறம் செல்ஃப் அடியுங்கள்.

வளைகாப்பன்று தங்கை அந்தக் காரில்தான் வந்தாள். இப்போது ஞாயிறுதோறும் அம்மாவைக் கோயிலுக்கு அதில் கூட்டிப்போகிறான், எடைக்குப் போடச் சொன்ன தம்பி.