அடிக்கோலும் மீட்டர் நாடாவும்

சென்ற பிரதோஷத்தன்று நந்தியம்பெருமானுக்கு அபிஷேகம் நிறைவுற்றபின் பிராகாரத்தில் அமர்ந்திருந்தேன். நெடுநாள் பழகிய பெரியவர் ஒருவர் வாடிய முகத்துடன் அருகில் வந்து அமர்ந்தார். “என் பிள்ளை கட்டும் வீட்டின் கிரகப்பிரவேசத்திற்கு நான் செல்லப் போவதில்லை, ஐயா” என்றார்.

பூர்விக மனையில் மகன் வீடு கட்டுகிறான். கூடம் 16 அடிக்கு 10 அடி, பூஜையறை 6 அடிக்கு 6 அடி எனப் பஞ்சாங்கத்தின் மனையடி அட்டவணையைப் பார்த்து இவர் குறித்துக் கொடுத்திருக்கிறார். பொறியாளரோ வரைபடத்தை மில்லிமீட்டரில் வரைந்துவிட்டார். சுவர் எழும்பியபின் இவர் தம் பழைய நாடாவைப் பிடித்துப் பார்த்தால், பத்தடி இருக்கவேண்டிய இடத்தில் ஒன்பது அடி பத்து அங்குலமே இருந்தது. “மூன்று மீட்டர் என்றால் பத்தடிதானே அப்பா” என்றானாம் மகன். அன்றோடு இருவருக்கும் பேச்சு நின்றுவிட்டது.

கணக்கில் தந்தை சொல்வதே சரி. ஓர் அங்குலம் 25.4 மில்லிமீட்டர், பத்தடி என்பது 3,048. அதை 3,000 என்று முழுமையாக்கியபோதே இரண்டங்குலம் போய்விட்டது. பூச்சு வேலை முடிந்தால் இருபுறச் சுவரிலும் அரையரை அங்குலமாக இன்னும் ஓர் அங்குலம் குறையும். பூசியபின் உள்கூடு பத்தடி நிற்கவேண்டுமானால், செங்கல்லுக்குச் செங்கல் 3,075 மில்லிமீட்டராவது விட்டிருக்கவேண்டும். வரைபடத்தில் கையெழுத்திடுமுன் இதைக் கேட்டுத் தெளிந்துகொள்வது நல்லது.

இந்த இரட்டைக் கணக்கு நம் தலைமுறைக்குப் புதிதன்று. 1957ஆம் ஆண்டு ஏப்ரலில் நயா பைசா வந்ததும், மறு ஆண்டு அக்டோபர் முதல் சேரும் வீசையும் போய்க் கிலோ வரத் தொடங்கியதும் பலருக்கு நினைவிருக்கும். கடைத்தெரு மாறியது, கொத்தனார் கை மாறவில்லை. சிமெண்டு 50 கிலோ மூட்டையிலும் கம்பி மில்லிமீட்டரிலும் வருகின்றன. சுவர் மட்டும் இன்றும் ஒன்பதங்குலச் சுவர்தான். மனையை நாம் சென்ட் என்கிறோம். ஒரு சென்ட் 435.6 சதுர அடி, சதுர மீட்டரில் ஏறத்தாழ 40.5.

ஆயினும் பெரியவரிடம் வேறொன்றையும் சொல்லவேண்டியிருந்தது. அவர் நாடாவில் உள்ள அடி ஆங்கிலேயர் கொண்டுவந்த அடி. மயமதம் முதலிய சிற்ப நூல்கள் கூறும் கணக்கு வேறு: எட்டு யவை ஓர் அங்குலம், இருபத்துநான்கு அங்குலம் ஒரு முழம். அந்த அங்குலமும் நாம் ‘இஞ்ச்’ என்னும் அங்குலமும் ஒன்றல்ல, பெயர்தான் ஒன்று. மாத்ராங்குலம் என்று ஒன்றுண்டு. எசமானருடைய நடுவிரலின் நடுக்கணுவே அதற்கு அளவு. இறைத்திருமேனியிலோ உத்தம தசதாலத்தில் உயரத்தை 124 பங்காக்கி, அப்பங்கு ஒன்றையே அங்குலமாகக் கொள்வர். ஸ்தபதியர் முதலில் அலகை நிச்சயித்து, பின் முடியும்வரை அதனின்று பிறழார். கலப்புதான் ஆகாது.

இதைக் கேட்டும் அவர் முகம் தெளியவில்லை. “மாடிப்படி எப்படி?” என்று கேட்டேன். “ஏறும்போது கடைசிப் படியில் கால் தட்டியது” என்றார்.

எனக்குத் திக்கென்றது. எங்கள் வீட்டு மாடிப்படியும் அப்படி அமைந்ததுதான். வரைபடம் மில்லிமீட்டரில், கொத்தனார் அளந்தது அங்குலத்தில். ஒவ்வொரு படியிலும் சேர்ந்த சிறு பிசகெல்லாம் கடைசிப் படியில் வந்து விடிந்தது. அது மற்றவற்றைவிட இரண்டங்குலம் உயரம். ஏழாண்டுகளுக்கு முன் விளக்கேற்ற மாடிக்குச் சென்று இறங்குகையில் என் இல்லாள் அந்தப் படியில்தான் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தாள். இன்றும் சந்நிதிப் படியை என் கையைப் பிடித்தே ஏறுகிறாள். அறை இரண்டங்குலம் குறைந்தால் மனம் வருந்தும். படி இரண்டங்குலம் கூடினால் உடம்பு தாங்காது.

தேசியக் கட்டட விதித்தொகுப்பின்படி வீட்டுப் படியின் உயரம் 190 மில்லிமீட்டருக்கு, அதாவது ஏழரை அங்குலத்துக்கு, மேற்படலாகாது. கால் வைக்கும் அகலம் 250 மில்லிமீட்டருக்குக் குறையலாகாது. என்னைக் கேட்டால் நம் வயதினருக்கு உயரம் ஆறங்குலமே போதும். “மகனிடம் பேசமாட்டேன் என்னும் பிடிவாதத்தைப் படி விஷயத்தில் மட்டும் தள்ளிவையுங்கள். இருபுறமும் அளவு பொறித்த ஒரே நாடாவை வேலையாட்கள் அனைவரும் பயன்படுத்தட்டும்” என்றேன். ஒன்றும் பேசாமல் எழுந்து சென்றார்.

போன வெள்ளிக்கிழமை மஞ்சள் தடவிய பத்திரிகையுடன் வந்தார். கடைசிப் படியோடு போகாமல், மேல்வரிசை முழுவதையும் இடித்துச் சமமாக வார்த்துவிட்டார்களாம். பூஜையறைக்குக் குறுக்கே இருந்தது பாரம் தாங்காத நாலரை அங்குலச் சுவர். அதை நகர்த்தி ஆறடியை நிறைவாக்கியாயிற்று.

“கூடம்?”

“ஒன்பதடி பத்தங்குலத்திலேயே நிற்கிறது. நாடாவின் ஒரு முனையை என்னைப் பிடிக்கச் சொன்னான், மறுமுனையை அவன் பிடித்தான்” என்றார்.

வருகிற முகூர்த்தத்தில் நாங்கள் இருவரும் செல்கிறோம். மாடியையும் பார்க்கவேண்டும் என்கிறாள் இல்லாள்.