பரியும் நரியும்

குதிரைப் பந்தயம் என்ற சொல் செவியில் வீழ்ந்த மாத்திரத்தே முகஞ் சுளிக்கும் பெரியோர் நம்மிடையே பலர். சைவமும் தமிழும் தழைத்தற்பொருட்டு எழுந்த கல்லூரி ஒன்றின் விழா மலரிலே, அதுவும் தமிழ் கற்பிக்கும் ஆசிரியர் ஒருவர், பந்தயத் திடலுக்குச் சென்று வந்த கதையை எழுதப் புகுந்தால் அவர்கள் மனம் வருந்துவது இயல்பே. அப்பெரியோரிடம் நாம் வேண்டுவது ஒன்றுதான். கட்டுரையை இறுதிவரை படித்துவிட்டு, அதன் பின்னரும் சுளிக்கத் தோன்றினாற் சுளித்துக்கொள்ளட்டும்.

மறைப்பானேன்? குதிரை மீது எமக்கு இளமை தொட்டே தீராத மோகம் உண்டு. ஊர்க் கோவிலில் வேட்டைத் திருவிழாவன்று, முன்னங்கால்களை உயர்த்திப் பாய நிற்கும் மரக் குதிரையின் மேல் சுவாமி எழுந்தருளி வருவார். நாம் சுவாமியைக் கும்பிட்டதிலும் பார்க்கக் குதிரையின் கண்ணையும் பிடரி மயிரையும் பார்த்து நின்ற நேரமே அதிகம். உயிர்க் குதிரையை முதன்முதற் கண்டது நெடுந்தீவிலே. ஐரோப்பியர் ஆட்சிக் காலத்தில் அத்தீவுக்குக் கொண்டுவரப்பட்ட குதிரைகளின் வழித்தோன்றல்கள் இன்றும் அங்கே கட்டாக்காலிகளாய்த் திரிகின்றன. உருவிற் சிறியவை, கோடையில் நீருக்கு அலைபவை. ஆயினும் ஒன்று தலையை நிமிர்த்திக் காற்றை முகர்ந்து ஓடத் தொடங்கியபோது எம் உள்ளமும் உடன் ஓடியது. பின்னாளில் தமிழ் பயின்றவிடத்து, புரவி, பரி, இவுளி, கலிமா என ஒரு விலங்குக்கு நம் முன்னோர் இட்டு வழங்கிய பெயர்களைக் கண்டு, இம்மோகம் எமக்கு மாத்திரம் உரியதன்று எனத் தெளிந்தோம். காவிரிப்பூம்பட்டினத்துக்குக் கடல்வழியே குதிரைகள் வந்திறங்கிய செய்தியைப் பட்டினப்பாலை கூறும். திருக்குறளுக்கு உரை கண்டவருட் தலைசிறந்தவர் பெயரே பரிமேலழகர் அன்றோ!

இத்தகைய எம்மைச் சில ஆண்டுகளின் முன் ஒரு சித்திரை விடுமுறையில் நுவரெலியாவுக்கு அழைத்தார் நண்பர் ஒருவர். ஆசிரிய கலாசாலையில் எம்மோடு ஒருங்கு பயின்றவர். மலைநாட்டுப் பாடசாலையொன்றிற் பணியாற்றுபவர். நல்ல ஆசிரியர், நல்ல மனிதர். அவரிடத்து ஒரு குறை இருந்தது. பாடசாலை விட்டதும் நகரத்திலே மக்கள் ‘புக்கி’ என வழங்கும் பந்தயக் கடைக்குச் செல்வார். பத்தாண்டுகளாக இப்பழக்கம். மாதச் சம்பளத்திற் பெரும்பகுதி அங்கே கரைந்தது. மனைவியின் கொடியும் காப்பும் ஈட்டுக்குப் போய் மீளாத செய்தியும் நாம் அறிந்ததே. நாம் குதிரைக்காகப் போனோம். அவர் பந்தயத்துக்காக வந்தார். ஒரே பஸ்ஸில், ஒரே இருக்கையில், இருவேறு நோக்கோடு மலையேறினோம்.

நுவரெலியா 6,000 அடிக்கு மேல் உயர்ந்த ஊர். வெள்ளையர் தம் நாட்டுக் குளிரையும் புல்லையும் நினைந்து இங்கே குடியேறியபோது, குதிரையோட்டத்தையும் கூடவே கொணர்ந்தனர். பந்தயத் திடலை அடுத்துக் கிடக்கும் ஏரி, 1872 முதல் 1877 வரை தேசாதிபதியாக இருந்த சேர் வில்லியம் கிரகரியின் பெயரைத் தாங்கி நிற்கின்றது. ஒரு காலத்திற் கொழும்புக் கறுவாத்தோட்டத்திலும் பெரும் பந்தயத் திடல் இருந்தது. 1942இல் யுத்தத்தின்பொருட்டு அது விமானத் திடலாயிற்று. பின்னாளிற் பந்தயமும் அங்கே நின்றது. இன்று அவ்விடத்தில் ரக்பி விளையாடுகின்றார்கள். பார்வையாளர் மண்டபம் கடைத்தொகுதியாகிவிட்டது. நுவரெலியாவிலோ சித்திரை தோறும் பந்தயம் நடைபெறும் வழக்கம் நிலைத்திருக்கின்றது. கவர்னர் கிண்ணத்துக்கான ஓட்டமே அவற்றுட் பெரியது. நாம் சென்றது அந்நாளில்.

திடலின் ஒருபுறம் தொப்பியும் புத்தாடையும் அணிந்த சீமாட்டிகளும் கனவான்களும். மறுபுறம் பிள்ளைகுட்டிகளோடு வந்த தோட்டத் தொழிலாளரும் கடலை விற்போரும் பலூன் விற்போரும். நண்பர் பந்தயத் தாளை விரித்து எண்களுக்கடியிற் கோடு கீறத் தொடங்கினார். அவரைக் கையிற் பிடித்து இழுத்துக்கொண்டு, ஓட்டத்துக்கு முன் குதிரைகளை நடத்திக் காட்டும் வளையத்தருகே சென்று நின்றோம்.

அங்கே கண்டதை எழுத எம் தமிழ் போதாது. தோலுக்கடியில் நரம்பு துடிப்பது தெரிந்தது. மூக்குத் துளையிலிருந்து ஆவி எழுந்தது. கபில நிறக் குதிரையொன்று எம்மைக் கடக்கையிற் சற்றே நின்று, நண்பரை நோக்கித் தலையைத் திருப்பியது. இச்சாதிக் குதிரைகள் அனைத்தும், தந்தை வழியிற் பின்னோக்கிச் சென்றால், முந்நூறு ஆண்டுகளுக்கு முன் கீழ்த்திசையிலிருந்து இங்கிலாந்துக்குக் கொண்டுசெல்லப்பட்ட மூன்றே மூன்று ஆண் குதிரைகளிற் சென்று முடியும் என்பர். ஏறத்தாழ 500 கிலோகிராம் எடை. அதை மெலிந்த நான்கு கால்கள் தாங்குகின்றன.

ஆசிரியராகிய எம்மைக் கவர்ந்தது இன்னொன்று. ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் குதிரையோட்டியைச் சேணத்தோடு தராசில் ஏற்றி நிறுக்கின்றார்கள். பலவகை ஓட்டங்களில், முன்னர் நன்கு ஓடிய குதிரைக்குக் கூடுதற் சுமையும் தளர்ந்த குதிரைக்குக் குறைந்த சுமையும் விதிக்கப்படும். ஓட்டி இலேசானவராயின் ஈயத் தகடு வைத்து எடையை நிரப்புவர். வல்லவன் மேற் பாரம் ஏற்றி, எளியவனுக்கும் வெல்ல ஒரு வழி விடும் இந்த நீதி எம் வகுப்பறைகளிற்கூட இல்லையே என எண்ணினோம்.

ஓட்டம் தொடங்கியது. முதலில் எதுவும் தெரியவில்லை. திடலின் அப்புறத்தே நிறங்கள் மாத்திரம் நகர்ந்தன. பின்னர் காலடியில் நிலம் அதிர்ந்தது. வளைவு திரும்பிக் குதிரைகள் எம்மை நோக்கி வந்தபோது, கண்ணுக்கு முன்னர் நெஞ்சு அறிந்துகொண்டது. மணிக்கு 60 கிலோமீற்றரை அண்மிய வேகம். குளம்பொலி, மூச்சொலி, மண் கட்டிகள் பறக்கும் ஒலி, சவுக்கொலியும் கேட்டது. ஒரு கணந்தான், கடந்து போயின. சவுக்கு எமக்கு உவப்பாயில்லை. ஓடுகையிற் கால் முறிந்த குதிரை பிழைப்பது அரிது என்பதையும் நாம் அறிவோம். ஆதலால் இவ்விளையாட்டிற் குற்றமே இல்லை என்று சாதிக்க முன்வரோம். ஆயினும் அழகை அழகு என்று சொல்லாமல் விடுவதும் ஒரு பொய்யே.

நண்பரைத் திரும்பிப் பார்த்தோம். கையிலிருந்த தாள் கீழே கிடந்தது. முதல் ஓட்டத்துக்குப் பணம் கட்ட மறந்துவிட்டார்! “பத்து வருஷமாய் நான் நம்பரைத்தானே மச்சான் பார்த்தனான். குதிரையை இண்டைக்குத்தான் பார்க்கிறன்” என்றார். அவர் குரல் தழுதழுத்திருந்தது.

இவ்விடத்திற் கதையை நிறுத்தினால் மலருக்கு ஏற்ற நல்ல முடிவாகும், ஆனால் உண்மையாகாது. மூன்றாம் ஓட்டத்துக்கு அவர் பணம் கட்டினார், தோற்றார். ஐந்தாம் ஓட்டத்துக்கும் கட்டினார், தோற்றார். திரும்பும் வழியில் இருவரும் அதிகம் பேசவில்லை. பந்தயக் கடையை அவர் முற்றாக விட்டார் என எழுத எம்மால் இயலாது.

ஆயினும் அவர் சொன்ன வாக்கியம் எம்மை விட்டு அகலவில்லை. சூது எது என்பதை அது எமக்குத் தெளிவித்தது. திடலிலே குதிரை உண்டு, ஓட்டி உண்டு, மண் உண்டு, வியர்வை உண்டு. பந்தயக் கடையிலே இவற்றுள் எதுவுமில்லை. ஆயிரக்கணக்கான மைல்களுக்கு அப்பால் இங்கிலாந்திலே ஓடும் குதிரையின் பெயரையும் எண்ணையும் திரையிற் பார்த்து, முன்பின் அறியா விலங்கின் மேல் நம்மவர் தம் பிள்ளைகளின் பாற்காசைக் கட்டுகின்றனர். 1988ஆம் ஆண்டின் 40ஆம் இலக்கச் சட்டம் இத்தொழிலுக்கு வரி விதிக்கின்றது. வரி கட்டுவதனால் ஒரு தொழில் சட்டத்துக்கு அமைந்ததாகலாம். குடும்பத்துக்கு நன்மை பயப்பதாகிவிடாது.

இதிலுள்ள கணக்கையும் மாணவர் அறிதல் வேண்டும். ஐந்து குதிரைகள் ஓடுகின்றன. ஒவ்வொன்றுக்கும் ‘ஒன்றுக்கு மூன்று’ என விகிதம் கூறப்படுகின்றது என வைத்துக்கொள்வோம். ஐந்தின் மீதும் தலா 100 ரூபாய் கட்டினால் நாம் கொடுப்பது 500 ரூபாய். எக்குதிரை வென்றாலும் கிடைப்பது, வென்ற 300 ரூபாயும் கட்டிய 100 ரூபாயுமாக 400 ரூபாயே. மிகுதி 100 ரூபாய் பந்தயம் பிடிப்பவரின் பையிற் கிடக்கும். விகிதங்கள் குதிரைக்குக் குதிரை மாறும். இந்த ஏற்பாடு மாறாது. ஒரு நாள் ஒருவன் வெல்லலாம். நெடுநாள் வெல்பவர் கடைக்காரர் ஒருவரே. வள்ளுவப் பெருந்தகை சூதில் வென்ற பொருளை, இரையென எண்ணி மீன் விழுங்கிய தூண்டில் இரும்புக்கு ஒப்பிட்டதன் பொருத்தத்தை இக்கணக்கு நன்கு விளக்கும். சூது அதிகாரத்தை அடுத்து மருந்து அதிகாரம் வைக்கப்பட்டிருப்பதை எண்ணி நாம் பன்முறை புன்னகைத்ததுண்டு.

பாண்டியன் கொடுத்த பொருளோடு குதிரை வாங்கச் சென்ற மணிவாசகர் கதையை நம் மாணவர் யாவரும் அறிவர். அங்கே நரி பரியானதும், பரி மீண்டும் நரியானதும் இறைவன் திருவிளையாடல். இக்காலத்திலோ அவ்வித்தையை மனிதனே தனக்குத் தான் செய்துகொள்கின்றான். காணும்வரை பரியாய் நிற்பதைக் கட்டும் பணத்தால் நரியாக்கிக்கொண்டு, இரவு முழுவதும் அதன் ஊளையைத் தன் வீட்டிற் கேட்கின்றான்.

பந்தயக் கடை இன்று நகரத்துச் சந்தியில் மாத்திரம் இல்லை. கைப்பேசிக்குள்ளேயே புகுந்துவிட்டது. குதிரையோட்டத்துக்கு மாத்திரமன்றி, நம் மாணவர் உயிராய் மதிக்கும் கிரிக்கெட்டுக்கும் அங்கே பந்தயம் உண்டு. ஆசிரியராகிய நாம் என்ன செய்கின்றோம்? சூது அதிகாரத்தைப் பரீட்சைக்கு மனனஞ் செய்விக்கின்றோம். ‘போகாதே’ என்று அதட்டுகின்றோம். அதட்டல் ஆவலையே வளர்க்கும். தமிழ் வகுப்பிற் குறளின் பொருளையும், கணித வகுப்பில் மேற்கூறிய விகிதத்தின் சூழ்ச்சியையும் சேர்த்துக் கற்பிப்போமாயின், மாணவன் தானே விலகுவான். பழைய மாணவருள் வங்கித் துறையிலும் கணக்கியலிலும் தேர்ந்தோர் பலர் உளர். விழா ஆண்டிலே கல்லூரிக்குக் கட்டடம் கொடுப்போரை வாழ்த்துகின்றோம். ஒரு நாள் மாலை வந்து மேல்வகுப்பு மாணவருக்கு இக்கணக்கை விளக்குவோரையும் அவ்வாறே வாழ்த்துவோம்.

மாணவச் செல்வங்களே! ஓடும் குதிரையைப் பாருங்கள். வாய்ப்பு நேரின் நெடுந்தீவுக்கே சென்று பாருங்கள். பார்ப்பதற்கு எவரும் உங்களிடம் பணயம் கேட்கமாட்டார். எதன் அழகைக் காண்பதற்கு முன்னரே அதற்கு விலை கூறுகின்றார்களோ, அவ்விடத்தில் மாத்திரம் சற்று நின்று எண்ணிப் பாருங்கள்.

கல்லூரி அன்னை நீடு வாழ்க!